நாம் கேட்காமல் விட்டவை

மாமன்றக் கூட்டம் என்றால் மறுநாள் நாளிதழில் வரும் வெளிநடப்புச் செய்தியோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. யார் கத்தினார், யார் மைக்கைப் பிடுங்கினார் என்று டீக்கடையில் பேசிச் சிரிக்கிறோம். அன்று என்ன தீர்மானம் நிறைவேறியது, அதில் எது மாநில அரசு இருக்கும் கோட்டைக்குப் போனது, போனதற்குப் பதில் வந்ததா என்று கேட்டதில்லை.

கேட்காமல் இருப்பது நமக்குப் பழகிப்போனது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். கவுன்சிலர் என்று ஒருவரைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது, ஊர் கொந்தளிக்கவில்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. நகரங்களில் 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே இல்லை; தனி அலுவலர்களே மன்றமாக இருந்தார்கள். கடைசியில் தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்குப்பதிவு 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. தாமதத்துக்கு வழக்கு, வார்டு மறுவரையறை என்று அரசு காரணம் சொன்னது. வீட்டிலேயே இருந்துவிட்ட நாம் என்ன சொல்வது?

யாரிடம் எதைக் கேட்பது என்பதைக்கூட நாம் தெரிந்துகொள்ளவில்லை. சென்னையில் தெருவில் கழிவுநீர் பொங்கினால் கவுன்சிலரைத் திட்டுகிறோம். குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி வாரியத்திடம் இருக்கின்றன. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் நகராட்சிகளுக்குரியவை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர் வழங்கலும் அதில் உண்டு. ஆனால் அவற்றை ஒப்படைப்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டது. ‘ஒப்படையுங்கள்’ என்று மன்றங்கள் கோட்டையை நெருக்க வேண்டும். மன்றங்களை நாம் நெருக்க வேண்டும். நாமோ நம் தெரு விளக்கை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். (அதையும் எழுத்தில் கொடுக்கவில்லை, போனில்தான் சொன்னோம்.)

மன்றங்கள் மேலே உள்ள அரசை எழுத்தில் கேட்கும் ஊர்களும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணச் சட்டமோ நிதி ஒதுக்கீடோ தன் ஊருக்கு ஒத்துவரவில்லை என்றால், ஒரு சின்ன நகர மன்றம்கூடத் தீர்மானம் எழுதுகிறது. வசந்தகாலத்தில் வட்டார உள்ளாட்சிச் சங்க மாநாட்டில் அது வாக்கெடுப்புக்கு வரும். தேறினால் செப்டம்பரில் மாகாண மாநாட்டுக்குப் போகும். அங்கேயும் நிறைவேறினால் மாகாண அரசு எழுத்தில் பதில் தரும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடுவதில்லை. ஆனால் முடியாது என்பதும் எழுத்தில் வருகிறது.

நம் மன்றத்தின் அஜெண்டாவை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பொருள் எண், அலுவலகக் குறிப்பு, மதிப்பீட்டுத் தொகை, அடியில் மன்றத்தின் முடிவுக்கு வைக்கப்படுவதாக ஒரு வரி. பெரும்பாலும் அதிகாரிகள் எழுதி அனுப்பியவை, ஒரே மூச்சில் ஏகமனதாக நிறைவேறுபவை. ஊர் எழுதிக் கொடுத்த பொருளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கவுன்சிலர்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. நாம் எதையும் எழுதிக் கொடுத்திருந்தால்தானே?

கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பகுதி சபையின் உறுப்பினர். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2022இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் உங்கள் பகுதி சபை எப்போது கூடும் என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அதைத் தீர்மானமாக்கி அரசுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.