மதிப்பெண்ணுக்கு மட்டும் ஒரு மொழி: அயல்மொழி ஆசிரியர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: உயர்கல்வித் துறைச் செயலாளர், கல்லூரிக் கல்வி ஆணையர், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் துணைத் தலைவர்.

அனுப்புநர்: மாநிலத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளில் அயல்மொழி கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கம்.

பொருள்: கல்லூரிகளில் அயல்மொழிப் படிப்புகளைச் சீரமைத்தல், மாணவர் சேர்க்கையை மீட்டெடுத்தல்.

மதிப்பிற்குரியீர்,

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ். சற்றுத் தள்ளி, ரட்லண்ட் கேட்டில் ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ்முல்லர் பவன். மாலையில் இந்த இரு வாசல்களிலும் கல்லூரிப் பையோடு நுழைபவர்களில் சிலர், அதே மொழியின் வகுப்பில் காலையில்தான் தங்கள் கல்லூரியில் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பார்கள். இங்கே கைக்காசு போட்டு, அரிச்சுவடியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். சேர ஆளில்லை என்று சொல்லி அயல்மொழிப் பிரிவுகள் சுருக்கப்படும் போதெல்லாம், அதிகாரிகள் ஒரு மாலை இந்த வாசல்களில் நின்று பார்க்க வேண்டும் என்று சங்கம் விரும்புகிறது.

கணக்கு எளிது. இளநிலைப் பட்டப்படிப்பில் பகுதி 1 என்பது தமிழ் அல்லது பிற மொழி. பொதுவாக நான்கு பருவங்கள். பருவத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு 6 வகுப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 360 வகுப்புகள். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஏ2 நிலையை ஜெர்மனில் எட்ட 200 முதல் 350 பாடவேளைகளும், பி1 நிலைக்கு 350 முதல் 650 பாடவேளைகளும் தேவை என்கிறது கோதே நிறுவனம். அவர்களுடைய பாடவேளை 45 நிமிடம். கல்லூரி வகுப்பு பெரும்பாலும் அதைவிடச் சற்று நீளம். அதாவது, கடைக்குப் போய்ப் பேரம் பேசவும், மருத்துவரிடம் வலியைச் சொல்லவும், ஒரு வேலை விண்ணப்பம் எழுதவும் போதுமான நேரம் இப்போதைய கால அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. இந்த அளவை எட்டக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூடச் சங்கம் கேட்கவில்லை. அந்த 360 வகுப்புகள் எங்கே போகின்றன என்பதுதான் கேள்வி.

தேர்வுக்குப் போகின்றன. “பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம்” என்பது பள்ளியிலிருந்தே கூட வரும் பேச்சு. மனப்பாடம் செய்த பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இரண்டு வினைச்சொல் பட்டியலை ஒப்பித்தால் 90ஐத் தொடலாம் என்னும்போது, வாய்திறந்து பேச மாணவருக்கு என்ன அவசியம்? கேட்டல் தேர்வு, பேசுதல் தேர்வு பல கல்லூரிகளில் அறவே இல்லை. இருக்கும் இடங்களிலும் பெயரளவுக்கு உள்மதிப்பீட்டில் ஒரு மூலையில் கிடக்கிறது. இந்தக் கேள்வித்தாள்களைத் தயாரித்தவர்கள் வேறு யாருமல்லர், இந்தச் சங்கத்தின் உறுப்பினர்களும்தான். சேர்க்கை குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் தேர்வை எளிதாக்கினோம். எளிதானதால் படிப்புக்கு மதிப்புப் போனது என்று பொதுக்குழுவில் மூத்த ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த மனு எழுதப்படுகிறது.

ஆகவே சங்கத்தின் தலையாய கோரிக்கை தேர்வு பற்றியது. பகுதி 1இல் அயல்மொழி எடுக்கும் மாணவரின் மதிப்பெண்ணில் சரிபாதி கேட்டலுக்கும் பேச்சுக்கும் போக வேண்டும். பாடத்திட்டத்தின் இலக்கு, ஐரோப்பிய மொழிகளானால் ஏ2 என்றும், ஜப்பானிய மொழியானால் என்4 என்றும், வெளியே செல்லுபடியாகும் அளவுகோலில் எழுதப்பட வேண்டும். வெளித்தேர்வில் அந்த நிலையை எட்டி வரும் மாணவருக்கு அதற்குரிய கிரெடிட் தரப்பட வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

அடுத்ததாகச் சொல்வது, மொழி ஆசிரியர் சங்கமொன்று சொல்லுமா என்று வியப்பைத் தரலாம். இப்போதைய ஏற்பாட்டில் பிரெஞ்சு எடுப்பவர் தமிழை விடுகிறார். தமிழ் கடினம் என்று தப்பித்து வருபவர்களைக் கொண்டே வகுப்பை நிரப்பும் நிலை பிரெஞ்சுக்கும் பெருமையில்லை, தமிழுக்கும் நல்லதில்லை. 1968 முதல் இருமொழிக் கொள்கையில் உறுதியாக நிற்கும் மாநிலத்தில், அயல்மொழி தமிழின் இடத்தைப் பிடிக்கும் போட்டியாளராக நிற்க வேண்டிய தேவையே இல்லை. பள்ளியில் தமிழ் படித்து வந்த மாணவர் கல்லூரியிலும் தமிழைத் தொடரட்டும். அயல்மொழி விருப்பப் பாடமாக, கிரெடிட்டோடு, ஆறு பருவங்களுக்கும் நீளட்டும். பகுதி 1இல் சில இடங்களைச் சங்கத்தினர் இதனால் இழக்கக்கூடும். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளச் சங்கம் தயார்.

எல்லாக் கல்லூரியிலும் எல்லா மொழியும் வேண்டும் என்று கேட்பது நடக்கிற காரியமல்ல. ஊரைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர் கொரிய மொழி படிக்கச் சென்னைக்குத்தான் பேருந்து ஏறுகிறார். ஒரகடத்தில் ஜப்பானிய நிசானின் கார்கள் தயாராகின்றன, ஜெர்மானிய டைம்லரின் ஆலையும் இருக்கிறது. செய்யாற்றில் தைவான் முதலீட்டில் காலணி ஆலை ஓடுகிறது. அங்கே சீன மொழி தெரிந்த உள்ளூர்ப் பட்டதாரிக்கு வேலை உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அயல்மொழிகளைப் பட்டியலிடும்போது கொரிய, ஜப்பானிய, தாய் மொழிகளைச் சொல்லிவிட்டுச் சீனத்தை விட்டுவிட்டது. அந்தக் கொள்கையையே ஏற்காத மாநிலம், அதன் பட்டியலில் உள்ள விடுபடலை மட்டும் பின்பற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

செவிலியர்களின் நிலை இன்னும் அவசரமானது. ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரியப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் வேண்டும். ஜப்பானின் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு என்4 அல்லது அதற்கு இணையான தேர்வு, முதியோர் பராமரிப்புக்கு அதற்கு மேல் தனியாக ஒரு மொழித் தேர்வு. இந்தியத் திறன்மிகு பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024இல் அறிவித்தது. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கு ஜெர்மன் வகுப்பு நடத்துவது நல்ல காரியம். ஆனால் பட்டம் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கித் தனியார் மையங்களில் பி2 வரை ஏறுபவர்களே மிகுதி. கல்லூரியில் இருக்கும்போதே ஏ2 வரை வந்திருந்தால் அந்தக் கடனில் பாதி மிச்சம்.

இவ்வளவும் யார் கற்பிப்பது? ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம் என்று பல அயல்மொழிகளில் யுஜிசி நெட் தேர்வு நடக்கிறது. தேறியவர்கள் இருக்கிறார்கள், பணியிடம் இல்லை. வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கௌரவ ஊதியம் என்று 2019இல் யுஜிசி வழிகாட்டியது. அதில் பாதிகூடக் கைக்கு வராத விரிவுரையாளர், ஒரே நாளில் இரண்டு கல்லூரிகளுக்கு ஓடிவிட்டு இரவில் இணையவழி வகுப்பும் எடுக்கிறார். அருகருகே உள்ள கல்லூரிகள் ஓர் ஆசிரியரை முழுநேரமாகப் பகிர்ந்துகொள்ளும் பணியிடங்களை உருவாக்கினால், தனித்தனியே நியமிப்பதைவிடச் செலவு குறையும்.

மூடிவிடுவது இதைவிடச் சுலபம். அமெரிக்காவில் அதைத்தான் செய்கிறார்கள். அங்குள்ள நவீன மொழிச் சங்கத்தின் கணக்குப்படி, 2016க்கும் 2021க்கும் இடையே கல்லூரிகளில் பிறமொழி வகுப்புச் சேர்க்கை 16.6 சதவீதம் சரிந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023இல் பிரெஞ்சு, ஸ்பானிஷ் பட்டப்படிப்புகளையே நிறுத்த முடிவெடுத்தது. ஆனால் அதே ஐந்தாண்டில் கொரிய மொழிச் சேர்க்கை 38 சதவீதம் கூடியது. நாடகமும் பாட்டும் இழுத்து வந்த கூட்டம் அது. நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் நள்ளிரவில் ஓடும் கொரியத் தொடர்களைப் பார்த்தால், அந்தக் கூட்டம் இங்கும் கதவருகே நிற்பது தெரியும்.

மூடப்படும் துறையின் வலி தமிழ்நாடு அரசுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்கிய தமிழ்த்துறை நிதியின்றி மூடப்படும் நிலை வந்தபோது, 2021இல் 1.25 கோடி ரூபாய் அறிவித்தது இதே அரசு. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 10 கோடி தந்ததும் தமிழ்நாடுதான். ஜப்பானிலிருந்து நொபொரு கராஷிமா 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தார். தமிழக வரலாற்றாய்வுக்கு அவர் தந்தது கொஞ்சமல்ல. அயல்நாட்டில் தமிழ் படிக்க ஐந்து பேர் வந்தாலும் துறை நிற்க வேண்டும் என்று வாதாடும் நாம், இங்கே ரஷ்யன் வகுப்பில் ஐந்து பேர் இருந்தால் “போதிய எண்ணிக்கை இல்லை” என்று கோப்பில் எழுதுகிறோம்.

மொழிபெயர்ப்புக்கும் இதே கதைதான். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் ‘அந்நியன்’ 1980இல் தமிழுக்கு வந்தபோது வெ. ஸ்ரீராம் அதைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தார். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி, தமிழ் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்ல நல்கை தருகிறது. ஆங்கிலத்தின் தோளில் ஏறாமல் அந்த நூல்களைக் கொரியத்துக்கோ ஸ்பானிஷுக்கோ கொண்டுபோகும் ஆட்கள் எந்த வகுப்பறையிலிருந்து வரப்போகிறார்கள்? நல்கைத் தொகையில் ஒரு சிறு பங்கை, கல்லூரியில் அயல்மொழி முதுநிலை படிப்போரின் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு ஒதுக்கச் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கான விளக்கக் குறிப்பேடு வெளியாகும் முன்பே பாடத்திட்டக் குழுவுடன் ஒரு நாள் அமர்ந்து பேச நேரம் ஒதுக்கித் தருமாறு சங்கம் பணிவுடன் வேண்டுகிறது. 360 வகுப்புகளையும் பேச்சுத்திறன் நோக்கிப் பிரித்து அமைத்த மாதிரிக் கால அட்டவணையும், பேசுதல் தேர்வுக்கான மதிப்பெண் படிவமும் அந்தச் சந்திப்பில் ஒப்படைக்கப்படும்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயற்குழுவுக்காக, தலைவரும் செயலாளரும்.