முதல் பக்கத்தைக் கெடுத்துடுங்க!

எங்கிட்ட ஒரு ஸ்கெட்ச் புக் இருக்கு. வாங்கி எட்டு மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதுல ஒரு கோடுகூட இல்ல!

இத்தனைக்கும் நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். மினி டிராஃப்டரைக் கையில் கொடுத்தா ஐசோமெட்ரிக் வியூ போட்டுத் தள்ளுவேன். ஆனா, ஸ்கேல் இல்லாம ஒரு கோடு போடச் சொன்னா கை நடுங்கும். காரணம்..? ஆறாவது படிக்கும்போது நான் வரைஞ்ச யானையைப் பார்த்து, 'பன்னி சூப்பர்டா!'ன்னு மொத்த கிளாஸும் சிரிச்சது. அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே இருக்கு.

ஞாயித்துக்கிழமை துணிஞ்சு பாம்பன் கடற்கரையில போய் உட்கார்ந்தேன். எதிரே, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுமே, அதேதான். பார்த்ததும் பயம் டபுள் ஆச்சு. 'வேணாம்டா சாமி'ன்னு, கரையில நின்ன நாட்டுப்படகு ஒண்ணை வரைய ஆரம்பிச்சேன்.

பக்கத்துல வலையைச் சரிபண்ணிக்கிட்டு இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். போச்சுடா, சிரிக்கப் போறார்னு நினைச்சேன். சிரிக்கல.

"தம்பி, அணியத்தை இன்னும் தூக்கிப் போடுங்க. இப்படித் தாழ்ந்து கெடந்தா மொத அலையிலயே தண்ணி ஏறிடும்ல?"

அணியம்னா படகோட முன்பக்கம். அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சது. அவர் பார்த்தது என் திறமையை இல்ல, படகை! நானோ அரை மணி நேரமா என் கோட்டையே பார்த்து பயந்துக்கிட்டு இருந்திருக்கேன். நிமிர்ந்து பார்த்தா, நிஜமாவே அணியம் எகிறித்தான் நிக்குது. பழைய கோட்டை அழிக்காம, மேலேயே இன்னொண்ணு போட்டேன்.

ஓவியர் ஆதிமூலம், 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியை மட்டுமே நூறு படம் வரைஞ்சார். ஒரே மனுஷர், நூறு தடவை! வான்கா, 'இனி ஓவியம்தான்'னு முடிவு பண்ணினப்ப வயசு 27. நமக்கு இன்னும் டைம் இருக்கு பாஸ்!

உங்களுக்கும் வெள்ளைத்தாள் பயமா? என் ஃபார்முலா இதோ...

* முதல் பக்கத்துல தேதியைப் போட்டு, நல்லா கிறுக்கிக் கெடுத்துடுங்க. இனி கெட்டுப்போக எதுவும் இல்ல!

* பென்சில் வேணாம், பால்பாயின்ட் பேனா எடுங்க. ரப்பர் தேடுற வேலை மிச்சம்.

* ஒரு படத்துக்குப் பத்தே நிமிஷம். அப்புறம் அடுத்த பக்கம்.

* ஒரு மாசத்துக்கு யார்கிட்டயும் காட்டாதீங்க.

அடுத்த வாரம் என் டார்கெட், ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை. சேதுபதி காலத்துச் சுவர் ஓவியங்கள் முன்னால உட்காரப்போறேன்.

என் படகு? இன்னும் செருப்பு மாதிரிதான் இருக்கு. ஆனா, அணியம் கரெக்ட்!