சொல்லிக் கொடுத்த கை சும்மா இருக்குமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு சொல்லுவார்கள். குழந்தை வளர்ப்புக்குச் சொன்ன பழமொழி இது. ஆனால் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி புது வேலைக்குக் கிளம்பினால் போதும், இதையே தூக்கி அவள் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் பதினைந்து வருஷமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், மொத்த ஜாக்கெட்டும் நீயே தைத்துக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். "சொல்லிக் கொடுத்தே பழகிப் போச்சுக்கா. நாள் சொல்லி, கூலி வாங்கித் தைக்கிறது வேற. இந்த வயசுல பேர் கெட்டுப் போச்சுன்னா?" என்று தயங்கினாள். அவளுக்கு நான் ஆகாய விமானக் கதை ஒன்று சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இவோன் போப் சின்டெஸ் என்று ஒரு அம்மாள். 1930ல் பிறந்தவர். கணவரை இழந்து, இரண்டு சின்னப் பையன்களோடு நின்றவர். விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் வேலை பார்த்தார். காட்விக் விமான நிலையத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலையும் பார்த்தார். 1969ல், நாற்பதை நெருங்கும் வயதில், டான் ஏர் என்ற கம்பெனியில் விமானியாகச் சேர்ந்தார். அந்தக் கம்பெனிக்கு சார்ட்டர் பயணங்கள்தான் பெரும் பிழைப்பு. சார்ட்டர் என்றால் வேறொன்றுமில்லை, கல்யாணத்துக்கு நாம் வேன் பேசுகிறோமே, அதுபோல முழு விமானத்தையும் வாடகைக்குப் பேசிக்கொண்டு போவது. 1970களில் அவர் ஜெட் விமானத்துக்கே கேப்டன் ஆகிவிட்டார். பிரிட்டனில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. கேப்டன் வி. சுந்தரம் சென்னை ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி கொடுத்தவர்; பிறகு மைசூர் மகாராஜாவின் விமானியானார். அவர் மனைவி உஷா சுந்தரமும் பக்கத்தில் உட்கார்ந்து விமானம் ஓட்டினார். 1951ல், குழந்தைகளுக்குத் தாயான பிறகு, சென்னை அரசு வாங்கிய டவ் என்ற சின்ன விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் இருவருமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை. தெருநாய்களைக் காக்கும் புளூ கிராஸை 1959ல் தொடங்கியதும் இதே குடும்பம்தான். ஒரே ஆயுசில் எத்தனை வேலை, பாருங்கள்!

சரி, சொல்லிக் கொடுப்பதற்கும் வாடகைக்கு ஓட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் வலது பக்கம் உட்காருகிறார். கேப்டன் இடம் இடது பக்கம். இடம் மாறினால் எந்தக் கை எதைப் பிடிப்பது என்பதே மாறிப் போகும். வலது கையால் பரிமாறிப் பழகியவளை இடது கையால் பரிமாறச் சொன்ன மாதிரிதான். பயிற்சி என்றால் பெரும்பாலும் தெரிந்த மைதானம், வெளிச்சமான நேரம். சார்ட்டரில் விடியற்காலையில் போன் வரும். முன்பின் பார்க்காத ஊரில் இறங்க வேண்டும். ஆட்கள் எடை, மூட்டை எடை எல்லாம் கணக்குப் போட வேண்டும். நம் அக்னி நட்சத்திர வெயிலில் காற்று லேசாகிவிடுமாம். விமானம் மேலே எழும்ப இன்னும் நீளமான ஓடுபாதை வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மாணவன் வாத்தியார் சொன்னால் கேட்பான். காசு கொடுத்தவர் கேட்பாரா? "எனக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்பார். ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டாவில் மேகம் எப்படி இறங்கி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் "இன்றைக்கு முடியாது" என்று சொல்லும் தைரியம்தான் விமானியின் முதல் தகுதி. 2009 செப்டம்பர் 2ந் தேதி, ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டில் விழுந்து, அவரோடு சேர்த்து ஐந்து பேர் உயிர் போனதை மறக்க முடியுமா? வானத்துக்குப் பெரிய மனிதர், சின்ன மனிதர் தெரியாது.

இங்கேதான் சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு பலம் இருக்கிறது. மாணவன் தப்பு செய்யும்வரை பொறுத்திருந்து, ஆபத்து வருமுன் சட்டென்று தன் கைக்கு வாங்கிக்கொள்ளப் பழகியவர் அவர். எங்கே பிசகும் என்று நூறு பேரிடம் பார்த்தவர். "போதும், நிறுத்து" என்று சொல்ல அவருக்கு வாய் கூசாது.

ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். நேற்றுவரை "டீச்சர்" என்று கூப்பிட்டவர்கள் இருக்க, புது இடத்தில் துணை விமானியாகக் கீழ்ப்படியில் உட்கார வேண்டும். தன்னைவிட இளையவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டிவரும். அது அவமானமில்லை.

உடம்பு விஷயத்திலும் விமானிகளிடம் கற்றுக்கொள்ளலாம். கண், காது, ரத்த அழுத்தம், இருதயம் எல்லாம் குறித்த காலத்தில் பரிசோதித்துத் தேறினால்தான் ஓட்ட முடியும். ஜலதோஷத்தில் மூக்கடைத்தால்கூட மேலே போவதில்லை, காதுக்கு ஆபத்து. நாமோ காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கிறோம்! நாற்பதுக்கு மேல் புது வேலைக்கு இறங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, கண் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் குறைத்துச் சம்பாதிக்காதீர்கள்.

தையல்காரப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனை இதுதான்: முதலில் பாதி ஜாக்கெட் மட்டும் ஒத்துக்கொள். முடிகிற நாளைச் சொல். "நாளைக்கே வேணும்" என்றால் முடியாது என்று சொல். வெட்டும்போது எங்கே கோணும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டு ஜாக்கெட்டுக்கு ஒத்துக்கொண்டு, முன்பணமும் வாங்கியிருக்கிறாள். டியூஷன், பாட்டு, கோலம், தையல் என்று வருஷக்கணக்காகப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் சகோதரிகளே, உங்கள் கை என்ன செய்யக் காத்திருக்கிறது? எழுதுங்கள்.