நெஞ்சில் பூசணம், வாசலில் கோடாங்கி!

கோவில்பட்டிச் சுற்றுக் கரிசல் கிராமங்களில் க்ஷயம் தீர்ந்தவன் சில வருஷங்கழித்து மறுபடி இருமி ரத்தம் துப்பினால், கோடாங்கியைக் கூப்பிட்டுச் செய்வினை என்று முடிவு கட்டுவாருண்டு. கோடாங்கிக்குச் சேவல், நோயாளிக்குத் திருநீறு! படித்தவர்களோ "பழைய க்ஷயந்தான்" என்று, சளியில் கிருமி காணாதபோதும் அதே மாத்திரைகளை விழுங்கச் செய்கிறார்கள். க்ஷயம் திரும்புவதும் உண்டுதான். ஆனால் சோதியாமல் சொல்லுவதற்கும் கோடாங்கி குறிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

க்ஷயம் அரித்துவிட்டுப்போன நுரையீரல் குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் குடியேறிப் பந்துபோல் திரளுவதுண்டு. ஈரம்பட்ட சோளத்தட்டைப் படப்பிலும் பூத்துப்போன தானியத்திலும் இதன் தூள் பறக்கிறது. 1729-ல் இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பெயரிட்ட மிக்கேலி ஓர் இத்தாலியத் தாவரவியலார். தீர்த்தம் தெளிக்கும் கருவிபோலத் தோன்றியதால் அதன் பெயரையே வைத்தார். பெயர்தான் தீர்த்தம், தீர்த்தத்திற்கு இது அஞ்சுவதில்லை!

தோழர்களே, மாதக்கணக்கில் இருமலும் மெலிவும் ரத்தமும் கண்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எக்ஸ்ரே, சளிச் சோதனையோடு பூசணத்திற்கான ரத்தச் சோதனையும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பூசணமென்று தெரிந்தால் இட்ராகோனசோல் மருந்தைப் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். க்ஷய மருந்தாகிய ரிபாம்பிசின் இம்மருந்தின் சக்தியைக் கெடுத்துவிடுமாதலால், இரண்டையும் உத்தேசமாய்க் கொடுத்துப் பார்ப்பதும் உதவாது. ரத்தம் அதிகமாக வந்தால் அன்றிரவே வண்டி பிடியுங்கள். வெள்ளிக்கிழமைக் குறி வரையில் மூச்சு காத்திராது.