செக்ரோலில் விழாத பேர்

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. உடனே பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோ அளவு ஏறியது. அளவை எட்டாத பெண்களுக்கு அரைப்பேர். சில நாட்களில் அதுவும் இல்லை, கைக்காசுதான். 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆகியும் அரைப்பேர் ஒழியவில்லை.

நட்டம் அன்றைய பாதிச் சம்பளத்தோடு நிற்பதில்லை. வருடாந்த லீவுச் சம்பளம் முந்தைய ஆண்டில் வேலை செய்த நாட்களைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிக்கும் 8 வீதமும் நிர்வாகம் போடும் 12 வீதமும் சம்பளத்தோடு சேர்ந்தே குறைகின்றன. மலையில் நின்றது முழு நாள், செக்ரோலில் பாதி நாள். இதை நாம் சம்பளக் களவு என்றே சொல்கிறோம்.

பாக்கியைக் கேட்க எங்கே போவது? தொழில் நியாய சபை என்கிறார்கள் பலர். அது முக்கியமாக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கான வாசல். நீக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே சம்பளப் பாக்கியும் லீவுச் சம்பளமும் கேட்பவர் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. நிர்வாகம் அசையாவிட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

அங்கே வாய்ப்பேச்சு மட்டும் போதாது. சம்பளத் துண்டுகளை அடுப்பில் போடாமல் சேர்த்து வையுங்கள். வேலைக்குப் போன நாளையும் எடுத்த கிலோவையும் பிள்ளைகளின் கொப்பியிலாவது எழுதுங்கள். தோட்டத் தலைவர்மாரே, சம்பளம் கொடுத்த மறுநாளே அவற்றை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்த பேர்களின் பட்டியலோடு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள்.