அச்சாணி இல்லாத தேர்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். கோலார் மாவட்டத்தில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் புதிய தொழில் தேருக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும்.

நரசாபுராவில் ஐபோன் ஆலை இயங்கி வருகிறது. தைவான் நாட்டு விஸ்ட்ரான் நிறுவனம் நடத்திவந்த அந்த ஆலையை 2023-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் விலைக்கு வாங்கியது. சுரங்கம் மூடியபின் வேலை தேடி விடியற்காலையில் பெங்களூர் ரயில் ஏறிய தங்கவயல் மக்களுக்கு, சொந்த மாவட்டத்திலேயே இப்படி ஓர் ஆலை இருப்பது ஆறுதல்தான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அங்கே நடப்பது என்ன வேலை என்பதை நம்மவர் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, சோதித்துப் பெட்டியில் இடுவதே அங்கு முக்கிய வேலை. கைபேசியில் விலை கூடிய பாகங்களுள் ஒன்று அதன் திரை. அந்தத் திரைக்கான கண்ணாடிப் பலகம் இந்தியாவில் எங்குமே உற்பத்தியாகவில்லை. பெரும்பாலும் தென்கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் வரவேண்டும்.

திரை செய்வது அத்தனை கடினமா என்று கேட்கலாம். பழைய எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரு விளக்கு எரியும். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உள்ள திரவப் படிகம் அந்த ஒளியை விட்டும் மறைத்தும் படம் காட்டும். புதிய ஓ.எல்.இ.டி. திரையில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதற்கான ரசாயனப் பொருளை, காற்று நீக்கிய அறையில் ஆவியாக்கி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள உலோகச் சல்லடை வழியே படியவைக்கிறார்கள். ஒரு தூசு விழுந்தாலும் பலகம் வீண். அந்தச் சல்லடையையும், படியவைக்கும் இயந்திரத்தையும் செய்யும் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முக்கியமானவை ஜப்பானில் உள்ளன.

இதன் விளைவு என்ன? 2019 ஜூலையில் ஜப்பான் அரசு, தென்கொரியாவுக்கு அனுப்பும் மூன்று ரசாயனப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அவற்றுள் ஒன்று வளையும் திரைக்கு வேண்டிய பாலிமைடு. உலகுக்கே திரை விற்கும் கொரிய முதலாளிகள் கலங்கிப்போனார்கள். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் திரையை இயக்கும் சிறு சில்லுக்குத் தட்டுப்பாடு வந்தபோது உலகெங்கும் உற்பத்தி தடைப்பட்டது. கொரியாவுக்கே இந்தக் கதி என்றால் நரசாபுரா எம்மாத்திரம்?

பாகம் வராவிட்டால் முதலாளிக்கு லாபம் குறையும். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ அடுப்பே எரியாது. லைன் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவன் அவன்தான். சம்பளக் குறையால் மூண்ட கோபம் 2020 டிசம்பர் 12-ஆம் நாள் அதே நரசாபுராவில் கலவரமாக வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில தொழிலாளர்களுக்குச் சரியாகச் சம்பளம் தரவில்லை என்று விஸ்ட்ரானே பின்னர் ஒப்புக்கொண்டது. உதிரிபாகம் வந்து சேருவதில் காட்டும் அக்கறையை, கூலி போய்ச் சேருவதிலும் காட்ட வேண்டாமா?

கைபேசி வாங்குகிறவனுக்கும் இதில் பாடம் உண்டு. திரை உடைந்தால் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் மாற்றப் போகிறோம். கம்பெனித் திரை என்றால் ஒரு குமாஸ்தாவின் பல நாள் சம்பளம் போய்விடும். மலிவுத் திரை என்றால் நிறம் மங்கும், தொட்டால் கேட்காது. உற்பத்தியாளர்கள் புதிய ரகத்துக்கு மாறிவிட்டால் பழைய மாடலுக்கு நல்ல திரையே அகப்படாது. ஆப்பிள் நிறுவனம் தன் கடைசி எல்.சி.டி. கைபேசியின் விற்பனையை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஒரு மாடலை விற்பவர்கள் அதற்கான பாகங்களை இத்தனை ஆண்டு தந்தாக வேண்டும் என்று சட்டம் போடுவதுதான் இதற்கு வழி.

மத்திய அரசு விழித்துக்கொள்ளாமல் இல்லை. மின்னணு உதிரிபாக உற்பத்திக்கு 22,919 கோடி ரூபாய் திட்டத்தை 2025 மார்ச்சில் அறிவித்தது. திரைத் தொகுப்பும் அதில் அடக்கம். தமிழக அமைச்சரவை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாக்ஸ்கானின் துணை நிறுவனம் 13,180 கோடியில் அமைக்கும் ஆலைக்கு 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இவற்றிலும் வெளிநாட்டுப் பலகத்தைத் தொகுப்பதே முதல் கட்டம். ஆயினும் பூட்டும் வேலையிலிருந்து இது ஒரு படி மேல்.

அந்தப் படியில் தங்கவயலுக்கு இடம் எங்கே? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள் முதல் நம் முன்னோர் இங்கே பூமிக்குள் இறங்கினார்கள். இரண்டு மைல் ஆழம் வரை போய்ப் பொன் எடுத்தார்கள். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-லேயே இந்த ஊருக்கு வந்தது. ஆனால் பொன் வெளியே போயிற்று. அதைச் சார்ந்த வேறு தொழில் இங்கே வேரூன்றவில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடியபோது ஊரே வெறுமையானது. ஒரே தொழிலை, அதுவும் பிறர் கையில் பிடி உள்ள தொழிலை, நம்பி வாழ்வதன் ஆபத்தை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஆகவே கர்நாடக அரசுக்கு நம் கோரிக்கை இதுதான். உதிரிபாக ஆலைகளில் சிலவற்றையேனும் தங்கவயலுக்குக் கொண்டுவர வேண்டும். தூசற்ற அறையில் வேலை செய்யவும், நுண்கருவிகளைப் பழுதுபார்க்கவும் இங்குள்ள இளைஞருக்கும் பெண்களுக்கும் பயிற்சி தர வேண்டும். வேலை நிரந்தரமாக வேண்டும், கூலி தேதி தவறாமல் வர வேண்டும்.

தேரை இழுக்க நம்மவர் என்றும் தயார். அச்சாணியையும் இங்கேயே வார்க்க ஆள்வோர் தயாரா?