கால் தானாகத் திரும்பும்!

சூலூர் வழியாகத் திருச்சி ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவரா நீங்கள்? நேற்று எந்த இடத்தில் பிரேக் பிடித்தீர்கள், எங்கே கியர் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஞாபகம் இருக்காது. ஆனால், வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள்!

நான் பி.காம். படித்தவன். மூளை என் சப்ஜெக்ட் இல்லை. ஆனால், பாங்க் பாஷையில் சொன்னால் எனக்கும் புரியும். பழக்கம் என்பது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், தேதி வந்ததும் பணம் தானாகப் போய்விடும். மேனேஜரைக் கேட்கவே மாட்டார்கள்.

1999-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். புது வழியில் ஓடும்போது, மூளையின் அடியாழத்தில் இருக்கும் 'பேசல் கேங்லியா' வழி முழுக்கச் சுறுசுறுப்பாக இருந்தது. பழகியபின், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான் சத்தம். நடுவில் எல்லாம் தானாக நடந்தது. 2005-ல் இன்னொன்றும் தெரிந்தது. பரிசை நிறுத்தினால் அந்தப் பதிவு மங்குகிறது. மறுபடி கொடுத்தால் சட்டென்று திரும்புகிறது. அழியவில்லை. காத்திருக்கிறது!

இப்போது எலியை விடுங்கள். சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை கூலி வாங்குகிறார். பஸ் ஏற வருகிறார். அங்கே கடை. கால் தானாகத் திரும்புகிறது. நாம் என்ன சொல்கிறோம்? "மனசு வெச்சா விட்டுரலாமுங்க. அவனுக்குப் புத்தி வேணும்!"

புத்தியைக் கூப்பிடுவதற்குள் கால் போய்விடுகிறதே, அதற்கு என்ன பதில்?

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமை. 1971-ல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். எல்லோரும் திடீரென்று மகான் ஆகிவிட்டார்களா? இடம் மாறியது, சுற்றி இருந்த ஆட்கள் மாறினார்கள், வாங்கும் சந்து மாறியது. அதுவும் சேர்ந்துதான் காப்பாற்றியது.

நமக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல் கடைகள் மூடப்பட்டன. அப்படியே விட்டார்களா? ஊருக்குள் இடம் தேடினார்கள். சோமனூரை ஒட்டிய சாமளாபுரத்தில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து, "இங்கே கடை வேண்டாம்" என்றார்கள். ஏப்ரல் 11-ம் தேதி ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது.

அந்தப் பெண்கள் நரம்பியல் படித்தவர்கள் இல்லை. ஆனால், வீடு திரும்பும் வழியில் கடை இருந்தால் கூலி வீடு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். கிரேபியல் எலியை வைத்துக் கண்டுபிடித்ததை, அவர்கள் புருஷனை வைத்துக் கண்டுபிடித்தவர்கள்!

"கடையை மூடினா கள்ளச்சாராயம் வரும்" என்பீர்கள். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நானும் மறக்கவில்லை. கை நடுங்குகிற அளவுக்குப் போனவர், டாக்டர் இல்லாமல் திடீரென நிறுத்துவதே ஆபத்து என்பதும் தெரியும். நான் கேட்பது மதுவிலக்கு இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை வைக்காதீர்கள். தேடிப் போய் வாங்கட்டும். அந்த நாலு தெரு நடப்பதற்குள் புத்தி விழித்துக்கொள்ள ஒரு சான்ஸ் கிடைக்கும்.

2003 முதல் கடை நடத்துவது அரசாங்கம். 2023-24-ல் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாய். பாட்டிலில் எச்சரிக்கை, பஸ் ஸ்டாண்டில் கடை. இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதுவது?

ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனில் கையெழுத்துப் போட்டது அந்த மனிதர்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனா, "தேதி வந்தாச்சு"ன்னு தினமும் மணி அடிக்கிறது யாருங்க?